குருவம்மாள் கேட்ட குத்துக்கூலி

மேலகரத்தில் குருவம்மாளைப் பற்றிக் கேட்டால் வாயாடி என்பார்கள். சொல்லட்டும். நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

அவள் புருஷன் கொழும்புக்குப் பிழைக்கப் போனவன், திரும்பவே இல்லை. கையில் இரண்டு வயதுப் பெண் பிள்ளை, தங்கத்தாய். பண்ணையார் பால்வண்ணநாதன் வீட்டுக்கு நெல் குத்திக் கொடுத்துத்தான் ஜீவனம். கூலி, காசாக இல்லை. புடைக்கும்போது விழும் குருணையும் தவிடும்தான். குருணையில் கஞ்சி, தவிட்டில் கருப்பட்டி சேர்த்துப் பிடித்த உருண்டை. பிள்ளை அதில் நன்றாகவே வளர்ந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில், தை மாதம், தென்காசியில் அரிசி மில் வந்தது. பண்ணையார் வீட்டு நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவன் நான்தான். அரிசி மல்லிகைப்பூவாட்டம் வந்தது. தவிடு பண்ணையார் மாட்டுத் தொட்டிக்குப் போனது. நெல் குத்துகிற பெண்கள் ஆறு பேரும் வீட்டில் உட்கார்ந்தார்கள். நடவு, அறுப்பு உள்ள நாளில் சோறு; மற்ற நாளில் யார் வீட்டிலாவது வாங்கின வடிதண்ணீர்.

ஆறே மாதம். ஓடிக்கொண்டிருந்த தங்கத்தாய் நிற்க மாட்டாமல் உட்கார்ந்துவிட்டாள். கால் வீங்கியது, வயிறு முன்னே தள்ளியது, முடி செம்பட்டையானது. பறவை நிழல் விழுந்த தோஷம் என்றது ஊர். நானும் அதைத்தான் சொன்னேன். மந்திரித்த கயிறு ஒன்று வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, பண்ணையார் வீட்டுக் கன்னுக்குட்டியப் பாத்தியளா? உருண்டு தெரண்டு நிக்குது. அது மேல மட்டும் பறவ பறக்கலையோ?" என்றாள் குருவம்மாள்.

மறுவாரம் பக்கத்து வீட்டு உலகம்மையின் கைப்பிள்ளை செத்தது. அதன் இடுப்பிலும் கயிறு இருந்தது.

ஆவணியில் பண்ணையார் மகளுக்குக் கல்யாணம். கல்யாண அரிசி உலக்கையில்தான் குத்த வேண்டும். மில் அரிசி மங்கல காரியத்துக்கு ஆகாது என்பது ஊரில் எல்லா வீட்டார் எண்ணமும். பண்ணையார் சம்சாரம் சொக்கம்மாள் ஆச்சி ஆறு பெண்களுக்கும் ஆள் விட்டாள். ஆறு பேரும் வந்து புறவாசலில் நின்றார்கள். ஒருத்தியும் உலக்கையைத் தொடவில்லை.

"ஏட்டி, வேடிக்கை பாக்கவா வந்திய? நாலு நாளுதான் கெடக்கு."

"குத்துதோம் ஆச்சி," என்றாள் குருவம்மாள். "கல்யாணத்துக்கு மட்டும்னா வேற ஆளப் பாருங்க. வீட்டுச் சோத்துக்கும் நாங்கதான் குத்துவோம். குருணையும் தவிடும் பழையபடி எங்களுக்கு."

"மாட்டுக்கு என்னத்தட்டி வைக்க?"

"மாடு புல்லு திங்கும் ஆச்சி. எம் பிள்ளையப் புல்லு திங்கச் சொல்லுதியளா?"

"வாயப் பாரு! கீழப்பாவூர்ல ஆளா இல்ல?"

"கூப்பிடுங்க. அங்கயும் நெல்லு மில்லுக்குத்தான் போவுது. அவளுவளும் இதத்தான் கேப்பாளுவ."

ஆச்சி விறுவிறுவென்று உள்ளே போனாள். பண்ணையார் சத்தம் போட்டது வெளியே கேட்டது. அதைவிடப் பெரிதாக ஆச்சியின் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் அவர்களைப் பார்க்காமல், வண்டியோடு நின்ற என்னிடம் சொன்னாள்:

"வீட்டு நெல்லு இனி மில்லுக்குப் போவாண்டாம்."

எனக்கு வாரம் ஒரு நடை வாடகை போனது. போகட்டும்.

கார்த்திகைக்குள் தங்கத்தாயின் கால் வற்றியது. தையில் எழுந்து நடந்தாள். குருவம்மாள் அதைப் பார்த்துப் பூரித்து உட்கார்ந்துவிடவில்லை. மில்லுக்கு நெல் அனுப்புகிற இன்னும் மூன்று வீட்டுப் புறவாசலில் போய் நின்றாள். இரண்டு வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டில் விரட்டிவிட்டார்கள்.

"என்னம்மா செய்யப் போற?" என்று கேட்டேன்.

"அந்த வீட்ல கல்யாணத்துக்கு ரெண்டு கொமரு நிக்குது அண்ணாச்சி. கெட்டிக் குடுக்காமலா இருப்பாவ?" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.