தேத்தண்ணிக்கு ஒரு டொக்டர்

1. முதல் நாள்

"பிள்ளை, நீர் தேத்தண்ணிப் பக்கத்தைப் பாரும்."

சேர் இப்படிச் சொன்னபோது பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். எங்கள் சத்திரசிகிச்சைப் பிரிவின் பெரிய டொக்டர் அவர். எண்பதுகளின் நடுப்பகுதியில், சண்டை நடந்த கோட்டைப் பக்கம் ஷெல் அடி ஓய்ந்திருந்த ஒரு மாதத்தில், வாய்ப் புற்றுநோய் பற்றிக் குருநகரில் ஆய்வு தொடங்கினார். ஞாயிறு பூசை முடிந்ததும், வெற்றிலையும் புகையிலையும் போடுகிற சனத்தின் வாயைத் தேவாலய மண்டபத்தில் வைத்துப் பார்ப்பது ஏற்பாடு.

சேரோடு சேர்த்து ஐந்து டொக்டர்கள் போனோம். நான் ஒருத்திதான் பெண். மற்ற நால்வருக்கும் மேசை, கதிரை, ரோர்ச். எனக்குப் பின்குசினியில் தேநீர் வைக்க ஒரு கேத்தில். சத்திரசிகிச்சைச் சோதினையில் எங்கள் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் நான். அதைச் சொல்லத் தொடங்கினேன்.

"ரிசேர்ச் எண்டால் கனகாலத்து வேலை. நீர் நாளைக்குக் கலியாணம் கட்டிக்கொண்டு லண்டனுக்குப் போயிடுவீர்" என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தனக்குச் சீனி எவ்வளவு என்று சொல்வது போலச் சொன்னார். நான் கேத்திலை அடுப்பில் வைத்தேன்.

2. குசினிக்குள்ளே

ஆண்கள் வந்து வாயைத் திறந்து காட்டினார்கள். மனைவிமார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்றார்கள்.

"மனிசிக்கு ஏதும் இருக்கோ?" என்று டொக்டர் கணவனிடம் கேட்பார்.

"அவவுக்கு ஒண்டுமில்லை."

'பெண்: நோய் இல்லை' என்று எழுதிக்கொள்வார்கள். ஆய்வு அப்படித்தான் நடந்தது.

ஒரு ஞாயிறு, மீன் விற்கிற பெண் ஒருத்தி குசினிக்குத் தண்ணீர் கேட்டு வந்தாள். றோசம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணி கொடுத்தேன். வாயில் பட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"எரியுதோ?"

"போன மாரிக்கு முன்னமே துடங்கினது, மிஸி."

"நான் நேர்ஸ் இல்லை. டொக்டர்."

மேலும் கீழும் பார்த்தாள். "டொக்டரெண்டால் ஏன் குசினிக்குள்ளை நிக்கிறியள்?"

"நீங்கள் ஏன் வெளியிலை காட்டேல்லை?" என்று கேட்டேன்.

"அத்தினை ஆம்பிளையளுக்கு முன்னாலை வாயை ஆவெண்டு திறக்கவோ? அவையும் என்ரை மனிசனைத்தானே கேட்டவை. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். கன்னத்தின் உட்புறம், புகையிலை அடக்குகிற இடத்தில், விளிம்பு தடித்த புண். புற்றுநோய்தான் என்று பட்டது; மறுநாளே வார்ட்டுக்கு வரச் சொன்னேன். அவள் போய்த் தெரிந்த பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக வாயைத் திறந்தார்கள். பலருக்கு வெள்ளைப் படலம், சிலருக்குப் புண். இவ்வளவு பேரையும் கதவுக்கு அந்தப் பக்கம் நோயில்லாதவர்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

3. யார் பார்த்தது

அன்றே சேரிடம் சொன்னேன்.

"நீர் பாத்தது கணக்கிலை வராது, பிள்ளை. நீர் ஆய்வு செய்யிற இன்வெஸ்டிகேற்றர் இல்லையே."

"அப்ப என்ரை பேரையும் சேருங்கோ, சேர். இல்லாட்டி உந்தப் பெண்டுகளுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லையெண்டு அச்சிலை வந்திடும்."

மறுநாள் வார்ட்டில் சேர் றோசம்மாவின் வாயைத் தானே பார்த்தார். ஒப்பரேஷனையும் அவரே செய்தார். நல்ல கை அவருக்கு, அதில் குறை சொல்ல மாட்டேன். பிறகு என்னைக் கூப்பிட்டு, "சரி, பெண்டுகளையும் சேர்ப்பம். நீரே பாரும்" என்றார்.

மாரி தொடங்கும்வரை குசினியில் நான் பெண்களைப் பரிசோதித்தேன். தேத்தண்ணியை யார் போட்டார்கள் என்று தெரியாது.

ரிப்போர்ட் அச்சாகி வந்தது. பெண்களின் கணக்கு ஒன்றும் விடுபடாமல் இருந்தது. சந்தோஷத்தோடு முதற்பக்கத்துக்குத் திரும்பினேன். இன்வெஸ்டிகேற்றர்கள் நாலு பேர், நாலும் ஆண்கள். என் பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தது, அன்பான உபசரிப்புக்கு நன்றி என்று. திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அந்தக் கிழமை றோசம்மா கிளினிக்குக்கு வந்தாள். ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒரு பக்கம் இழுத்த வாய், ஆனால் உயிரோடு இருந்தாள்.

"புத்தகம் வந்திட்டுதாம், டொக்டர். எங்களை ஆர் பாத்ததெண்டு போட்டிருக்கு?"

நாலு பெயரையும் வாசித்தேன். அவள் இழுத்த வாயைத் தொட்டுக் காட்டினாள்.

"உவையளுக்கு நான் எப்ப வாயைத் திறந்தனான்?"

அதற்குப் பிறகு எந்த ஆய்வு கைக்கு வந்தாலும், முடிவைப் படிக்கும் முன் பெயர்களைப் பார்த்து றோசம்மாவின் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.