மேல்மாடி அக்காவின் சிவப்புப் பெட்டி

வேலைக்கு வந்ததும் அக்கா முதலில் கணினியில் ஊர் வரைபடத்தைத் திறக்கிறார். அதன்மேல் ஒரு சினிமாவைத் திரை முழுக்க ஓடவிடுகிறார். அதற்கும் மேலே பாதியில் விட்ட ஒரு கடிதம், கணக்குப் போடும் கட்டம், யாரோ அனுப்பிய குழந்தைப் படம். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு ஒரு சிவப்புப் பெட்டி திரையின் நடுவில் எழும்பி வந்ததும், "வந்துட்டியாம்மா" என்று அதனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்கிறார். ஐந்து மேசை, ஐந்து கணினி. இதெல்லாம் முடிந்த பிறகுதான் தோளில் தொங்கும் பை கீழே இறங்கும்.

ஆம்புலன்ஸ் அனுப்பும் அறை அது. பக்கத்துக் கூடத்தில் தொலைபேசி எடுப்பவர்கள் விலாசத்தை எழுதிக்கொண்டதும், அது இங்கே வண்டி அனுப்புகிறவரின் திரையில் சிவப்புப் பெட்டியாக வந்து விழும். அவர் வேறு என்ன திறந்து வைத்திருந்தாலும் பெட்டி அதற்கு மேலேதான் நிற்க வேண்டும். அந்த நிரலை எழுதியவர் இவர். "மேல இருக்கா? மேல வந்துச்சா?" என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பதால் 'மேல்மாடி அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. "மேல்மாடி காலின்னு சொல்லாதவரைக்கும் சரி" என்பார். பல் கட்டும் கூடத்தில் வேலை செய்யும் கணவருக்கும் இந்தப் பெயர் தெரியும். "வீட்டுலயும் இவ பேச்சுதாங்க மேல நிக்கும்" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். இப்போதெல்லாம் சொல்வதில்லை.

'நீ மேலேயே இரு' என்று ஒரு பெட்டிக்குக் கட்டளை எழுதுவது ஒரு வரி வேலை. சங்கடம் என்னவென்றால், அதே வரியை அடுத்தவனும் எழுதலாம். இரண்டு பெட்டிகளும் நான்தான் மேலே என்று மல்லுக்கு நின்றால், கடைசியாகச் சொன்னதன் பேச்சுதான் எடுபடும். அதனால் தன் பெட்டியை நொடிக்கொரு தரம் 'நான் மேலே' என்று சொல்ல வைத்தார் அக்கா. அது சொன்னபடி கேட்டது. ஆனால் ஒவ்வொரு முறை எழும்பும்போதும், அங்கே தட்டச்சு செய்துகொண்டிருப்பவரின் எழுத்தைப் பிடுங்கிக்கொண்டது.

"அக்கா, உங்க பெட்டிக்கு என்ன அகோரப் பசியா? நான் தெரு பேரு அடிச்சா பாதியை அது முழுங்கிடுது" என்றாள் மூன்றாவது மேசைப் பெண். அவளுக்கு அந்த அறையில் வாயாடி என்று பெயர். அவள் சொன்னதைத்தான் மற்ற நால்வரும் சொன்னார்கள். அக்கா அந்த நொடிக் கட்டளையை எடுத்துவிட்டார். எழுத்தைப் பிடுங்காமல் எழும்புவதற்கும் வழி உண்டு. அதற்கு உட்கார்ந்து தேட வேண்டும். "அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன்" என்று இன்று யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், வரைபட நிரல் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. புதிதாக வந்ததும் 'நான்தான் மேலே' என்றது. மூன்று பத்துக்கு வாயாடியின் திரையில் வந்த சிவப்புப் பெட்டி வரைபடத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பெட்டி வந்தால் அடிக்கும் மணி அடிக்கத்தான் செய்தது. ஆனால் ஐந்து மேசைக்கும் ஒரே மணி. யாருடையதோ என்று அவள் வேறொரு வண்டிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். பதினொரு நிமிடம் கழித்து வரைபடத்தை நகர்த்தியபோதுதான் கண்ணில் பட்டது. மூச்சுத் திணறலில் இருந்த ஒரு பெண்மணி, வண்டி போய்ச் சேர்வதற்குள் போய்விட்டார்.

விசாரணை அறிக்கை 'ஊழியரின் கவனக்குறைவு' என்றது. வாயாடியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து நடந்ததை அப்படியே திரும்ப நடத்திப் பார்த்துவிட்டு, மேலாளர் அறைக்குப் போனார்.

"நீங்க ஏம்மா நடுவுல தலையைக் குடுக்கறீங்க? பெட்டி வந்துச்சுன்னுதான பதிவு இருக்கு?"

"வந்துச்சு சார். அடியில வந்துச்சு."

மூன்று கடிதம் எழுதிய பிறகு அறிக்கையைத் திருத்தினார்கள். வாயாடிக்கு மறுபடி அழைப்பு போனது. அவள் வரவில்லை. செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தவளைத் தேடிப் போனார் அக்கா. அவள் குனிந்து ஒரு ஜோடியைப் பெட்டிக்குள் அடுக்கியபடியே, "நீங்க உண்மையைச் சொன்னீங்கக்கா, அது போதும். ஆனா அந்த மணி சத்தத்துல என்னால இனி உக்கார முடியாது" என்றாள். அவள் இவ்வளவு குறைவாகப் பேசி அக்கா கேட்டதில்லை.

பெட்டியைச் சரிசெய்ய எவ்வளவு நாள் ஆனது என்று கேட்டால் அக்கா இரண்டு விரலைக் காட்டுவார். "ரெண்டு நாள். ரெண்டே நாள் வேலைங்க."

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். இறந்துபோன பெண்மணியின் கணவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். திருத்திய அறிக்கை அவருக்கும் போயிருந்தது. சண்டைக்கு வரவில்லை. அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இது வெறும் சோதனை மெஷின்ங்க. எந்த வண்டிக்கும் போகாது" என்று சொல்லிவிட்டு, "எந்த விலாசம் போடட்டும்?" என்றார்.

"எங்க வீட்டு விலாசமே போடுங்கம்மா."

சிவப்புப் பெட்டி எழும்பியது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் வீட்டுக் கதவு எண்ணை வாய்விட்டுப் படித்தார்.

"வண்டி வருதுன்னு போன்ல சொன்னாங்க. நான் வாசக்கதவைத் திறந்து வச்சுட்டு, வருது, இதோ வருதுன்னு அவகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். அந்தத் தூரம் அஞ்சு நிமிஷம்தான்னு எனக்குத் தெரியும். அஞ்சு நிமிஷத்துக்கு அப்புறமும் சொன்னேன். என்னை அவ எப்பவுமே நம்புவா."

பெட்டியின் அடியில் 'வண்டி அனுப்பு' என்று ஒரு பொத்தான் இருந்தது.

"இதை அமுக்கினா?"

"வண்டி கிளம்புங்கய்யா."

பெரியவரின் விரல் திரையை நோக்கிப் போய், எங்கே தொடுவதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. அக்கா மௌஸை நகர்த்தி அவர் உள்ளங்கைக்கு அடியில் வைத்தார். அம்புக்குறியைப் பொத்தான்மேல் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு, அந்த 'டிக்' சத்தம் கேட்கும்வரை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.