கல்யாணக் காரில் இல்லாத விசிறி

காரில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஓட்டியவர் சித்தப்பா, கார் அவருடையது. பக்கத்தில் மாப்பிள்ளையின் தமக்கை. பின்னால் மாப்பிள்ளையும், தோழனாகத் தலைப்பாகை கட்டிய நானும். அப்பா இல்லை, மாங்குளத்தில் கோயில் வாசலில் நின்றார். மணப்பெண்ணான என் அக்கா உள்ளே காத்திருந்தாள். என்ஜினுக்கு முன்னால் இருக்க வேண்டிய விசிறியும் இல்லை. அது சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டிலில் ஓர் உரப்பைக்குள் கிடந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவன் நான் மட்டும். தொழில்நுட்பக் கல்லூரியில் என்ஜினைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பழைய கார்களில் விசிறி என்ஜினோடு சேர்ந்தே சுழலும். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் பலத்தைத் தின்னும். ஓட்டத்தில் எதிர்க்காற்றே என்ஜின் தண்ணீர் நிற்கும் றேடியேற்றரைக் குளிர்வித்துவிடும். அப்பாவை விட வயதில் மூத்த அந்தக் காரிடம் மிச்சமிருந்த பலமே கொஞ்சம். இதைச் சித்தப்பாவுக்கு விளக்கினேன். யுத்தத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தில், எண்ணெய் மிச்சம் பிடிக்க, விசிறியின் நாலு இதழில் இரண்டை வெட்டி எறிந்தவர் அவர்.

"அப்ப நான் வெட்டினது சரியெண்டுறாய்?"

"ஓம் சித்தப்பா."

"பிறகேன் மற்ற ரெண்டும் கிடக்கு?"

அன்றைக்கே கழற்றினோம்.

முரசுமோட்டையில் மாப்பிள்ளையை ஏற்றி, பரந்தனில் ஏ9 வீதிக்குத் திரும்பியதும் கார் பறந்தது. சித்தப்பா ஒரு லொறியை முந்திவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சூடு காட்டும் முள் அசையாமல் கிடந்தது. ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாங்குளம் சந்தியில் மேளகாரர் நின்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனிக் கோயில் வரைக்கும் மாப்பிள்ளையின் கார் அவர்களுக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நிறைகுடம். ஒவ்வொன்றிலும் நிற்க வேண்டும். ஊரில் எத்தனை கல்யாணத்துக்கு ஓடிய கார்! எங்கள் இருவருக்கும் இது ஞாபகம் வரவில்லை.

"சித்தப்பா, முள்ளு ஏறுது."

"தெரியுது, பேசாமல் இரு."

"என்ன மணக்குது?" என்றார் மாப்பிள்ளையின் தமக்கை.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. கார்க்கிழவனுக்கு வேர்க்குது."

என்ஜினை மூடியிருந்த பொனற்றின் இடுக்கால் ஆவி எழும்பியது. கார் நின்றது. நாதஸ்வரம் நிற்கவில்லை. கைபேசியில் அப்பா: "எங்கை நிக்கிறியள்? முகூர்த்தம் முடியப்போகுதெண்டு ஐயர் சத்தம் போடுறார்."

"நான் நடந்து வாறன்," என்றார் மாப்பிள்ளை.

"இரடா. நடந்துபோய்த் தாலி கட்டினவன் எண்டு ஊர் கதைக்கவோ?" தமக்கை என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஏதோ என்ஜின் படிக்கிறியளாம்?"

தண்ணீர் தேடிய சித்தப்பாவின் கண் பக்கத்துப் படலையில் இருந்த நிறைகுடத்துக்குப் போனது. வீட்டுக்காரி குறுக்கே வந்து நின்றார். "அதிலை கைவைக்காதேங்கோ அண்ணை. கிணத்திலை அள்ளித் தாறன்."

வாளி வந்தது. நான் சித்தப்பாவின் கையைப் பிடித்தேன். "ஆறட்டும். இப்ப பச்சைத்தண்ணி விட்டால் என்ஜின் ஹெட் வெடிச்சுப் பிளக்கும்."

"ஆற எவ்வளவு நேரம் செல்லும்?"

"அரை மணித்தியாலமாவது."

"அதுவரைக்கும் உன்ரை கொக்கா மணவறையிலை தனிய இருக்கிறதோ?"

கையை விட்டேன். ஈரச்சாக்கால் பிடித்து றேடியேற்றர் மூடியைத் திறந்து அவர் தண்ணீரை ஊற்றினார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். மேளச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. கார் இருமி, உதறி, வெள்ளைப் புகை கக்கியபடி கோயில் வாசலில் போய் நின்றது. ஐயர் அவசரப்படுத்த, நேரத்துக்குள் தாலி ஏறியது. நான் தலைப்பாகையோடு மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்றேன். சித்தப்பா காதருகே வந்தார்.

"கேட்டதோ?"

"கேட்டது."

வெடித்த ஹெட்டுக்கு மாற்றுத் தேடியபோது, செட்டிகுளத்தில் ஒரு வளவில் அதே இனக் கார் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதன் ஹெட்டையும், நாலு இதழும் முழுதாக இருந்த விசிறியையும் வாங்கினோம். கராச் கூலியோடு அப்பாவும் சித்தப்பாவும் பாதிப் பாதியாகக் கொடுத்தது எழுபத்தெட்டாயிரம் ரூபாய்.