அக்கா சும்மா இருந்த மூன்று வருடம்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அடக்கமாக எழுத வேண்டும் என்று எச்சரித்துவிட்டுத்தான் வீட்டில் எனக்கு இம்மலரில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முயல்கிறேன். ஆனால் சொல்ல வந்த கதை, நினைத்தாலே என்னை நாற்காலியில் உட்காரவிடாத கதை.

அக்கா பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அம்மா சீக்கிரம் போய்விட, பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தி, தையல் கற்று, என்னைப் படிக்க வைத்தவர் அவர். துறைமுக ஊரான கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகும் அந்தத் தையல் மெஷின் ஓயவில்லை. தீபாவளி நெருங்கினால் அக்கா வீட்டு ஹாலில், ரவிக்கைத் துணிப் பைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் தேட வேண்டும்.

அவர் படிக்க வைத்த நான் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், அக்காவின் ஒரே மகள் தர்ஷினி ஏழு வயதில் பள்ளி வாசலில் தினமும் வாந்தி எடுத்தாள். அக்காவும் அத்தானும் அலைந்து திரிந்து கல்வி இலாகாவில் அனுமதி வாங்கி, பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். சரி, வீட்டிலாவது பாடம் நடத்தினார்களா? அதுவும் இல்லை!

"அவளுக்கு என்னா வேணுமோ அத அவளே கேப்பாடா. கேட்டா சொல்லித் தருவேன்," என்றார் அக்கா.

"கேக்கலன்னா?"

"கேக்குற வரைக்கும் நீ டீ குடி."

எனக்கு டீ இறங்கவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் 'ஏ' வாங்கித் தருகிற வாத்தியாரின் மருமகளுக்கு 'அ' தெரியாது என்றால் என் சென்டர் கதவை யார் தட்டுவார்? அந்தக் கவலை பாதி. இந்தப் பிள்ளை கடைசிவரை படிக்கவே மாட்டாளோ என்ற நடுக்கம் மீதி. ஞாயிறுதோறும் பயிற்சிப் புத்தகம், எழுத்து அட்டை, நட்சத்திர ஸ்டிக்கர் சகிதம் கிள்ளானுக்கு ஓடினேன். ஒரு முறை எழுத்து வடிவத்தில் பிஸ்கட் சுட்டுக்கொண்டு போனேன். எந்த எழுத்து என்று பார்க்காமலே உயிர், மெய் அத்தனையையும் தின்றுவிட்டு, "இன்னும் இருக்கா மாமா?" என்றாள்.

எட்டு வயதில், வீட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய வாய்க்காலில் உடும்பு பார்க்கப் போனவள், "தண்ணி ஏம்மா சில நாள் திரும்பி ஓடுது?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அக்கா, "தெரியலயே" என்றார். அதோடு நிறுத்தாமல் தன் இஞ்ச் டேப்பை எடுத்து ஒரு நீளக் கம்பில் ஒட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து வேலி ஓரம் நின்று தினமும் தண்ணீரை அளந்து நாட்காட்டியில் கோடு போட்டாள். எண்கள் அப்படித்தான் வந்தன. துறைமுகத்தில் லாரி ஓட்டும் அத்தான், கடல் ஏறி இறங்கும் நேரங்கள் அச்சடித்த அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்தார். "இதுல என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டாளாம். கேட்டேவிட்டாள்! அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாராம். அவள் படிக்கத் தொடங்கியதை எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டிக்கரோடு வந்து நிற்பேன் என்று அக்காவுக்குத் தெரியும்.

அவளுக்குப் பத்து வயதான வருடம், தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. காரை வாய்க்கால் ஓரம் நிறுத்தியிருந்தேன். போனை எடுக்க வெளியே வந்தால், வைப்பரில் ஒரு தாள்.

'மாமா கார எடுதுடுங்க. நாலு மணிகு தன்னி வரும்.'

தர்ஷினியின் கையெழுத்து! என் நெஞ்சு துள்ளிய துள்ளலில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று பிழைகளை வட்டமிட்டேன். 'மிக நன்று' என்று எழுதி ஒரு நட்சத்திரம் ஒட்டினேன். அண்டை வீட்டார் ஒருவர் விடாமல் தாளைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினேன்.

"அக்கா! எழுதிட்டா! மூணே பிழைதான்!"

"என்னா எழுதியிருக்கா?"

"ஒற்று ரெண்டு எடத்துல விட்டுப்போச்சு, அப்புறம்..."

"டேய், என்னா எழுதியிருக்கான்னு கேட்டேன்."

அப்போதுதான் கவனித்தேன். ஹாலில் ஒரு துணிப் பைகூடத் தரையில் இல்லை. அத்தனையும் கட்டில் மேல், அலமாரி மேல். பிள்ளை காலையிலேயே சொல்லியிருக்கிறாள். அக்கா ஒரு பேச்சுப் பேசாமல் தூக்கி வைத்திருக்கிறார். நான் திரும்பி ஓடியபோது மணி நாலே கால். என் கார் சீட் வரை குளித்துக்கொண்டிருந்தது.

"நான் எழுதுனது புரியலயா மாமா?" என்றாள் தர்ஷினி, நிஜமான கவலையோடு. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாத்தியாருக்குப் படிக்கத் தெரியலடி!"

சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுத்த காலத்திலும் அந்தக் கதையைத் தாதியரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் அக்கா. அவரை அன்போடு கவனித்த அத்தாதியருக்கும், சமைத்துக் கொடுத்து அனுப்பிய அண்டை வீட்டாருக்கும், செராஸிலிருந்து முறை வைத்து வந்து உடனிருந்த சித்தி பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இம்மலரை எழுத்துக்கோத்து வடிவமைத்தவர் தர்ஷினி, வயது பத்தொன்பது. 'எங்கள் அக்கா பயம் என்பதே அறியாதவர்' என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். தாள் திரும்பி வந்தது. அந்த வரியைச் சிவப்பில் அடித்து, ஓரத்தில் எழுதியிருந்தாள்:

'இல்ல மாமா. அம்மா பயந்தாங்க. ஒண்ணாம் வகுப்புப் புத்தகம் வாங்கி அலமாரியில சேலைக்கு அடியில வெச்சிருந்தாங்க. அடிக்கடி எடுத்துப் பார்த்துட்டு, திரும்ப வெச்சிடுவாங்க. நான் கதவு ஓரமா நின்னு பார்த்திருக்கேன்.'

இந்த முறை நான் பேனாவைத் தேடவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன். வரியை மாற்றிவிட்டேன்.

எங்கள் அக்கா பயந்தார். பயந்துகொண்டே மூன்று வருடம் சும்மா இருந்தார்.