ஆளுக்கொரு டிரைவ்

1. பெட்டி

விடுப்பு முடிந்து ஸ்டூடியோவுக்குத் திரும்பிய காலையில் என் மேசை மேலிருந்த ரெய்டு பெட்டி லேசாக இருந்தது. தூசி தட்டத் தூக்கியபோதுதான் தெரிந்தது. முன்பக்க மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த இரண்டு ஹார்டு டிரைவும் இல்லை. பின்னால் செருகியிருந்த கரண்டு அடாப்டரும் இல்லை.

"திருட்டு இல்லீங்க ரிப்போர்ட்டர்," என்றார் மாதையன், ஸ்டூடியோவின் மூத்த முதலாளி. "பாகம் பிரிச்சிட்டோம்."

பத்திரிகையில் பகுதிநேர நிருபராக இருந்துவிட்டு, வயதான பிறகு வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டு வந்தவன் நான். பழைய வேலையின் பெயர் மட்டும் என்னோடு தர்மபுரிக்கு வந்துவிட்டது. ஸ்டூடியோ மாதையனும் அவர் தம்பி சரவணனும் சேர்ந்து நடத்தியது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் இருவரும் ஆளுக்கொரு கேமராவில் எடுப்பார்கள். நான் வெட்டி ஒட்டுவேன்.

எடுத்ததையெல்லாம் பத்திரமாக வைக்க வாங்கியதுதான் அந்தப் பெட்டி. இளம் எடிட்டர்களுக்காக விளக்கிவிடுகிறேன். பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். 1-ல் வைத்தால் ஒரே விஷயம் இரண்டு டிரைவிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் இன்னொன்றில் முழுசாக இருக்கும். 0-வில் வைத்தால் ஒவ்வொரு ஃபைலும் துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, ஒரு துண்டு இதிலும் அடுத்த துண்டு அதிலுமாகப் போய்ச் சேரும். இடமும் வேகமும் இரட்டிப்பு. ஒன்று போனால் மற்றதும் போன மாதிரி.

வாங்கிய அன்று மாதையன் சொன்னபடி 1-ல்தான் வைத்தேன். மார்கழியில் முகூர்த்தம் இல்லாத நேரத்தில், முடித்த வேலைகளையெல்லாம் கொடுத்து டிரைவைக் காலி செய்த பிறகு, சரவணன் அதை 0-வுக்குத் தள்ளிவிட்டார். "இது பேக்கப் கணக்குல வராது தம்பி, அண்ணன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றேன். "சொல்லிக்கிறேன், கேமரா கார்டுலதான் ஒரு காப்பி இருக்குமே" என்றார். முகூர்த்தம் தொடங்கியதும் ஒரு கல்யாணத்தின் கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணனிடம் சொல்லும் வேலையைத் தம்பி அதன் பிறகு எடுத்துக்கொள்ளவே இல்லை. மாதையனோ கேமராவுக்குப் பின்னால் நிற்பவர், கம்ப்யூட்டர் பக்கம் வருவதில்லை.

பிரிவினை செய்துவைத்தவர் அவர்களுடைய தாய்மாமன் முனுசாமி. நிலமும் கிணறும் பிரித்துக் கொடுத்துப் பழகிய கை. கேமரா ஆளுக்கொன்று. கடை பெரியவனுக்கு, டிரோன் சின்னவனுக்கு. சரவணன் நல்லம்பள்ளியில் தனிக்கடை போட்டுக்கொள்வது. கடைசியாக ரெய்டு பெட்டி வந்திருக்கிறது.

"உள்ள எத்தன இருக்குது?" என்று கேட்டாராம் மாமா.

"ரெண்டு மாமா."

"அப்பறம் என்னா யோசன? ஆளுக்கொண்ணு."

வெறும் பெட்டி பெரியவனுக்குப் போனது. சின்னவன் முகம் சுருங்கியதால் அடாப்டர் அவனுக்கு. இதை மாதையன் சொல்லி முடித்தபோது நான் உட்கார்ந்துவிட்டேன். வைகாசி, ஆனி முகூர்த்தம் முழுக்க அதில்தான் இருந்தது.

2. கண்ணம்மா

அந்த முகூர்த்தங்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரர் அன்றைக்கே வந்துவிட்டார். இண்டூர் கண்ணம்மா. வைகாசியில் மகளை அரூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தவர். செருப்பைக் கழற்றாமலேயே ஆரம்பித்தார்.

"அண்ணா, ஆல்பமெல்லாம் மெதுவா குடுங்க. எனக்கு மண்டபத்து வாசல்ல எடுத்தது மட்டும் இப்பவே வேணும்."

விஷயம் இதுதான். மாப்பிள்ளையின் அத்தையைக் கல்யாண வாசலில் நின்று யாரும் வரவேற்கவில்லை, சந்தனம் குங்குமம் நீட்டவில்லை என்று புகுந்த வீட்டில் பேச்சு கிளம்பியிருக்கிறது. அத்தை சொன்னதை எல்லோரும் நம்பிவிட்டார்கள். இந்த மானக்கேடு தீராமல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"எம் பொண்ணு போன்ல அழுவுது. கல்யாணமாகி மொத ஆடிங்க. நானே என் கையால பன்னீரு தெளிச்சேன். இல்லன்றா அந்தப் பொம்பள. சரவணன் தம்பி கேமராவோட பக்கத்துலயேதான நின்னாரு? அதக் காட்டி வாய அடைக்கணும்."

ஆடி பிறக்க அதிக நாள் இல்லை. மாதையன் சிரித்துக்கொண்டே தன் பங்கு டிரைவை எடுத்துவந்தார். "உக்காருங்கக்கா. இதோ போட்டுக் காட்டச் சொல்றேன்."

நான் எதுவும் சொல்வதற்குள் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த டாக்கில் செருகிவிட்டார். திரையில் ஒரு கட்டம் வந்தது. இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்க வேண்டும், செய்யட்டுமா என்று கேட்டது.

"கேக்குது பாருங்க, ஓகே குடுத்துட்றேன்," என்று மவுஸைத் தொட்டார்.

அவர் கையின் மேல் என் கையை வைத்தேன். அதற்கு முன்னும் பின்னும் முதலாளியின் கையை நான் பிடித்ததில்லை.

0, 1 கதையைச் சொன்னேன். மாதையன் நம்பவில்லை. "நாந்தான் ஒண்ணுல வைக்கச் சொன்னனே. ரிப்போர்ட்டர், அவன் நல்ல டிரைவ எடுத்துக்கிட்டு காலி டிரைவ எங்கிட்டத் தள்ளிட்டான். நீங்க அவனுக்குப் பரிஞ்சி பேசாதீங்க."

சரவணனுக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டர் எது கேட்டாலும் கேன்சல் கொடுக்கச் சொன்னேன். அவர் பதில் இது: "ரிப்போர்ட்டரண்ணா, நானே கூப்படலாம்னு இருந்தேன். எங்கண்ணன் காலி டிரைவ குடுத்து ஏமாத்திட்டாரு. நீங்க அங்கதான சம்பளம் வாங்குறீங்க, அவருக்குத்தான் பேசுவீங்க."

3. மறு பஞ்சாயத்து

மறுநாள் முனுசாமி மாமாவை இருவரும் தனித்தனியாக வரவழைத்தார்கள். ஸ்டூடியோவில் அண்ணன் கதவோரம், தம்பி ஜன்னலோரம், மாமா நடுவில். கண்ணம்மா கூப்பிடாமலேயே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இரு தரப்பையும் கேட்ட மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்பு சொன்னார். "அவனுது நல்லதுன்னு இவன் சொல்றான். இவனுது நல்லதுன்னு அவன் சொல்றான். மாத்திக்குங்கடா. முடிஞ்சிது."

மாற்றிக்கொண்டார்கள். டிரைவின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார்கள். எது மேல், எது கீழ் என்று தெரிய நான் முன்பு ஒட்டியிருந்த 1, 2 ஸ்டிக்கர்களைப் பிரிவினை அன்றே உரித்துவிட்டிருந்தார்கள். மாற்றிய டிரைவை மாதையன் செருகினார். அதே கட்டம் வந்தது. சரவணன் தன் லேப்டாப்பில் செருகினார். அதே கட்டம்.

"அப்ப ரெண்டும் காலியா?" என்றார் மாமா. கண்ணம்மா எழுந்து நின்றுவிட்டார்.

மேசையில் அன்றைய பேப்பர் கிடந்தது. எனக்குத் தெரிந்த மொழியில் சொல்லிப் பார்ப்போம் என்று அதில் ஒரு துணுக்குச் செய்தியைக் கத்தரித்தேன். பிறகு அதையே வரி வரியாக நறுக்கி, ஒரு வரி அண்ணனுக்கு, அடுத்த வரி தம்பிக்கு என்று பங்கு போட்டேன்.

"சத்தமா படிங்க."

மாதையன் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார்: "கிணற்றில் தவறி விழுந்த... உரிமையாளரின் மனைவி... கயிறு கட்டி மேலே தூக்கப்பட்டு... புல் மேய்ந்தது."

"அய்யய்யோ," என்றார் கண்ணம்மா.

சரவணன் படித்தார்: "பசுமாட்டைப் பார்த்த... சத்தம் போட்டதால் அது... சிகிச்சைக்குப் பின்." படித்துவிட்டுத் தன் கையிலிருந்த டிரைவைப் பார்த்தார். பிறகு கழுத்தைச் சொறிந்தார். "வர்ற முகூர்த்தத்துக்கு எடம் பத்தாதுன்னு மார்கழில நாந்தான் ஸ்விட்ச்ச மாத்துனேன்."

"மாமா, கேட்டுக்குங்க," என்று மாதையன் துள்ளினார். "ஒண்ணுல வைடான்னு அன்னிக்கே சொன்னேன். எம் பேச்ச எவன் கேக்குறான் இந்த வூட்டுல?"

உண்மையில் 1-ல் இருந்திருந்தால் மாமாவின் முதல் தீர்ப்பு சரியாகத்தான் இருந்திருக்கும். ஆளுக்கொரு டிரைவ், இருவரிடமும் முழுக் கல்யாணம். இதைச் சொன்னதும் மாமாவுக்கு முகம் தெளிந்தது. "அப்ப தப்பு எம்மேல இல்ல, ஸ்விட்ச்சு மேல," என்று பதிவு செய்துகொண்டார்.

பெட்டி அண்ணனிடமிருந்து வந்தது. அடாப்டர் தம்பியின் பையிலிருந்து வந்தது. எந்த டிரைவ் மேல், எந்த டிரைவ் கீழ் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஒரு விதமாக வைத்து ஆன் செய்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. கண்ணம்மா இண்டூர்ச் சாமிகளை வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார். நிறுத்தி, மேலே இருந்ததைக் கீழும் கீழே இருந்ததை மேலும் மாற்றி மறுபடி ஆன் செய்தேன். பெட்டி கரகரத்தது. நீல விளக்கு எரிந்தது. திரையில் வைகாசி முழுக்க வந்து வரிசையாக நின்றது.

4. ஸ்பீக்கர்

முதல் வேலையாக ஆளுக்கொரு புது டிரைவ் வாங்கி வரச் சொன்னேன். இரண்டிலும் முழுக் காப்பி போடத் தொடங்கினேன். பகல் முழுக்க ஓடியது. தான் எழுந்துபோனால் மற்றவன் எதையாவது செய்துவிடுவான் என்று அண்ணனும் தம்பியும் சாப்பாட்டுக்குக்கூட நகரவில்லை. ஒருவரோடு ஒருவர் பேசவும் இல்லை.

"எத்தன பர்சென்ட்டு ஆயிருக்குன்னு அவன் பாக்குறானா, கேளுங்க," என்பார் மாதையன்.

"கண்ணுக்கு முன்னாலதான இருக்குது, அவரயே படிச்சிக்கச் சொல்லுங்க," என்பார் சரவணன்.

மாமா நாற்காலியிலேயே தூங்கி எழுந்தார்.

இண்டூர்க் கல்யாணம் ஏறி முடிந்ததும் கண்ணம்மா கேட்ட இடத்தைத் தேடினேன். சரவணனின் கேமரா, மண்டப வாசல். கிடைத்தது. கண்ணம்மா பட்டுப்புடவையில் தட்டோடு நிற்கிறார். அத்தை வருகிறார். சந்தனம் தொட்டுக்கொள்கிறார், குங்குமம் வைத்துக்கொள்கிறார். கண்ணம்மா பன்னீர் தெளிக்கிறார். அத்தையின் கண் முழுக்கக் கையிலிருந்த செல்போனில் இருந்தது. யார் தெளித்தார்கள் என்று அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" கண்ணம்மா மேசையைத் தட்டினார். "இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்? நல்லா சத்தமா வைங்கண்ணா, எல்லாரும் கேக்கட்டும்."

சத்தமாக வைத்தேன். அத்தை உள்ளே போய்விட்டார். கேமரா வாசலிலேயே நின்றது. அதன் மைக்கும் நின்றது. திரையில் கண்ணம்மா பக்கத்திலிருந்த தன் தங்கையின் காதருகே சாய்ந்தார். ஸ்பீக்கரில் தெளிவாக வந்தது:

"வந்துட்டா பாரு, மண்டபத்தயே தூக்கி நிறுத்துனவ மாதிரி. இவளுக்குப் பன்னீரு பத்தாதுடி, ஆத்துத் தண்ணிய திருப்பி வுடணும்."

முதலில் மாமா சிரித்தார். துண்டு கீழே விழுந்தது. மாதையன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், சரவணன் ஜன்னல்பக்கம். இருவர் தோள்களும் ஒரே மாதிரி குலுங்கின.

கண்ணம்மா நிதானமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "அண்ணா, படம் இருக்கட்டும். பேச்ச மட்டும் எடுத்துருங்க."

அந்த இடத்தில் மேளமும் நாதஸ்வரமும் போட்டு மூடி, பென் டிரைவில் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்: "ஒரிஜினலு?"

"அது இந்தப் பெட்டில இருக்குது. இவர்கிட்ட ஒரு காப்பி, அவர்கிட்ட ஒரு காப்பி."

"நேத்து ஒருத்தங்கிட்டயும் இல்லன்னீங்க. இன்னிக்கு மூணா?"

பேக்கப் என்றால் அப்படித்தான் என்றேன். வேண்டியது வேண்டாதது என்று அதற்குத் தெரியாது.

5. ஆடிக்குப் பிறகு

பென் டிரைவ் தன் வேலையைச் செய்தது. ஆடி முதல் தேதி மகள் இண்டூர் வந்து சேர்ந்தாள். கண்ணம்மா எங்களுக்குக் கொழுக்கட்டை அனுப்பினார், இரண்டு கடைக்கும் தனித்தனித் தூக்கில்.

ஆனால் அத்தை அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார்.

"வாசல்ல எல்லார் வரப்பவும் பேச்சுச் சத்தம் கேக்குது. நான் உள்ள போன ஒடனே மட்டும் எதுக்கு அவ்ளோ மேளம்? எனக்கு ஒரிஜினலு வேணுங்க."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுக் காப்பி மாதையனின் மேசை டிராயரில் இருந்தது. அவர் கண் இமைக்காமல் சொன்னார்:

"நாங்க அண்ணந்தம்பி பிரிஞ்சிட்டோங்க. ஆளுக்குப் பாதி. எங்கிட்ட இருக்கிறத மட்டும் போட்டா ஒண்ணுமே தெரியாது. மீதி நல்லம்பள்ளில எந்தம்பிகிட்ட இருக்குது."

"நல்லம்பள்ளிதான? போய்ட்டு வந்துட்றேன்," என்று அத்தை குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அவர் பஸ் ஏறும் வரை வாசலில் நின்று பார்த்த மாதையன், உள்ளே வந்து செல்போனை எடுத்தார். பிரிவினைக்குப் பிறகு தம்பியின் நம்பரை அவர் அழுத்தியது அதுதான் முதல் தடவை.

"டேய், நாந்தான். அந்தம்மா பஸ் ஏறிட்டாங்க. பாதிதான் இருக்குதுன்னு சொல்லு."

இளம் எடிட்டர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. டிரைவைக் கழற்றும் முன் பெட்டியின் பின்பக்க ஸ்விட்சைப் பாருங்கள். வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்தால் ஒலியை முதலில் ஹெட்போனில் கேளுங்கள்.