கஞ்சிக்குப் புளியங்கொட்டை சொன்ன புத்தகம்

கலியாணமாகி எடப்பாடிக்கு வந்தபோது என் பெட்டியில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று, வாழப்பாடிச் சந்தையில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் என் அப்பா பேரம் பேசி வாங்கித் தந்தது. குடித்தனத்தைச் சிக்கனமாக நடத்துவது எப்படி என்று பக்கம் பக்கமாகச் சொல்லும் தடிப் புத்தகம். மற்றது, பள்ளித் தோழி ஒருத்தி யாரும் பார்க்காதபோது சேலைகளுக்கு அடியில் திணித்துவிட்ட நாவல். அதற்கு அட்டை கிடையாது. முதல் சில பக்கங்களும் கிடையாது. எழுதியவர் யார், கதைக்கு என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சிக்கனப் புத்தகத்தை நான் குறை சொல்லக் கூடாது. கடுக்காயில் மை காய்ச்சுவது, எலுமிச்சைத் தோலைக் காயவைத்துப் பாத்திரம் துலக்குவது, கிழிந்த குடைத்துணியில் பை தைப்பது என்று அதில் எல்லாம் இருந்தது. கொக்கி ஊசியால் நூல் பின்னுவதற்குப் படம் போட்டு ஏழெட்டுப் பக்கம் இருந்தது. அதைப் பார்த்துத்தான், தறியில் அறுந்து விழும் நூல் துண்டுகளை முடிந்து முடிந்து பின்னக் கற்றுக்கொண்டேன். மாமனாருக்கு ஒரு வெற்றிலைப் பை பின்னிக் கொடுத்தேன். மூலைக்கு ஒரு நிறமாக இருந்த அதை அவர் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

எழுதின ஆசாமி மேல் எனக்குக் கோபம் ஒரே ஓர் அத்தியாயத்தில்தான். பெண்கள் நாவல் வாசிப்பதால் விளக்கெண்ணெயும் குணமும் வீணாகின்றன என்று மூச்சு விடாமல் எழுதியிருந்தார். அதைப் படித்த அன்றே அவருடைய தாள்களை அட்டையிலிருந்து பெயர்த்துப் பெட்டியின் அடியில் போட்டேன். அவருடைய அட்டைக்குள் என் நாவலை வைத்துத் தைத்தேன். அளவு கச்சிதமாகப் பொருந்தியது.

நாங்கள் நெசவுக் குடும்பம். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் மாமனார், ஒன்றில் என் வீட்டுக்காரர். அத்தை, அதாவது என் மாமியார், ராட்டையில் உட்கார்ந்து, குறுக்கே ஓடும் நூலைக் குழலில் ஏற்றி இருவருக்கும் தார் சுற்றுவார். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அச்சில் ஏறியது எதுவும் பொய்யாகாது என்று நம்பினார். எலுமிச்சைத் தோல் பாத்திரத்தைப் பளபளவென்று ஆக்கிய நாளிலிருந்து அந்தப் புத்தகத்துக்கு வீட்டில் தனி மதிப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அதைப் படிக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அத்தை ராட்டை சுற்ற, நான் எதிரில் உட்கார்ந்து சிக்கன அட்டைக்குள் கதை படிப்பேன். அவ்வப்போது அவர் தலை நிமிராமலே கேட்பார்.

“ஏஞ்சாமி, இன்னைக்கு என்ன போட்டிருக்குது?”

கதாநாயகி கண்ணீரும் கம்பலையுமாக நிற்கும் பக்கத்தில் என் கண் இருக்கும். “பருப்புப் பானையில வேப்பிலை போட்டா வண்டு வராதுன்னு போட்டிருக்குதுங்க அத்தை” என்று வாயில் வந்ததைச் சொல்வேன். பாதி என் அம்மா செய்தது, பாதி நானே கட்டியது. எதைச் சொன்னாலும் அத்தை மறுநாள் செய்து பார்த்துவிடுவார். பெரும்பாலும் நன்றாகவே வந்தது. எனக்கும் குளிர் விட்டுப் போயிற்று.

அது யுத்த காலம். நூல் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. அரிசியும் ராகியும் ரேஷன். சாப்பாட்டுக்கே இழுபறி என்றால் பாவுக் கஞ்சிக்கு எங்கே போவது? பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல். ஊருக்கு நடுவில் பாவடி என்று ஒரு நீண்ட பொட்டல் உண்டு. விடியற்காலையில் அங்கே பாவைக் கட்டி இழுத்து, கஞ்சி தேய்த்து, வெயில் ஏறுவதற்குள் காயவைக்க வேண்டும். கஞ்சி தளர்ந்தால் நூல் பிசிறும். இறுகினால் ஒட்டிக்கொண்டு அறும். தேய்ப்பது ஆண்கள். காய்ச்சுவது பெண்கள்.

எங்கள் தெருவில் கஞ்சி என்றால் அத்தைதான். பாவு போடுகிற எந்த வீட்டுப் பெண்ணும் தான் காய்ச்சியதில் கொஞ்சம் கொட்டாங்குச்சியில் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவாள். அத்தை அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்துப் பார்ப்பார். “இன்னும் ஒரு கொதி” என்பார், அல்லது “போதுஞ்சாமி, போ” என்பார். அவர் சரி என்று சொல்லாமல் ஒரு வீட்டுக் கஞ்சியும் பாவடிக்குப் போனதில்லை. அவருக்கென்று வாய்த்த பெருமை அது ஒன்றுதான். நகை கிடையாது, பிறந்த வீட்டுப் போக்குவரத்துக் கிடையாது.

ஒரு மத்தியானம் அத்தை ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டார். “கஞ்சிக்கு அரிசி பத்தாது போலிருக்குது. உம்பட புஸ்தகத்துல ஏதாச்சும் வழி இருக்குதா பாரு கண்ணு.”

கதையில் அப்போது ஒருத்தி, புருஷன் வீட்டை விட்டு விடியற்காலை ரயில் ஏறிவிட்டாள். பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று வந்து உட்காருகிறது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. வாசலில் பக்கத்து வீட்டு அக்கா புளி தட்டிக்கொண்டிருந்தாள். கொட்டை தெறிக்கிற சத்தம் காதில் விழுந்தது.

“இருக்குதுங்க அத்தை. புளியங்கொட்டைய வறுத்து, தோல் போக்கி, இடிச்சு மாவாக்கி, பாதிக்குப் பாதி கலக்கலாமாமா” என்றேன். சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

அன்று மாலையே அத்தை கொட்டை பொறுக்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன். தடுத்திருக்கலாம். அது நல்ல யோசனையாகவே இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கஞ்சி தேய்த்த பாவு, இரண்டு மாதம் அலைந்து வாங்கிய நூல். பாவடியில் தேய்க்கும்போதே மாமனார் முகம் மாறியது. கஞ்சி பசையாக இழுத்தது. வெயில் ஏற ஏறப் பாவு விறைத்தது. இழையோடு இழை ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் போனால் படபடவென்று அறுந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது.

மாமனார், “என்ன கலந்த?” என்று மட்டும் கேட்டார்.

புத்தகத்தைச் சொல்வார், நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். அத்தை சொல்லவில்லை. “பக்குவந் தப்பிப் போச்சுங்க. இன்னுங் கொஞ்சம் வறுத்திருக்கோணும்” என்றார். வீட்டுக்கு வந்து என்னிடமும் அதையே சொன்னார். “புஸ்தகத்துல சரியாத்தான் போட்டிருப்பாங்க. எங்கைக்கு வயசாயிருச்சு.”

நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை, யாராவது அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில், அட்டையைப் பிரித்து நாவலை அடுப்பில் வைத்துவிட்டேன். கடைசி முப்பது நாற்பது பக்கம் படித்திருக்கவில்லை. அது எரிவதைப் பார்த்து அழுதேன். பாவு அறுந்தபோது எனக்கு அழுகை வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிக்கனக்காரரின் தாள்கள் மறுபடி அவருடைய அட்டைக்குள் போய்ச் சேர்ந்தன.

அடுத்த வாரம் கஞ்சி காய்ச்ச வேண்டி வந்தபோது அத்தை அகப்பையை என் கையில் கொடுத்தார். “நீ கிண்டு. இனி நான் வேண்டாம்” என்றார். நான் கிண்டியது கட்டி கட்டியாக வந்தது. என் வீட்டுக்காரர் அதைத் துணியில் வடிகட்டி எடுத்துப் போனார். அத்தை பக்கத்தில் வந்து பார்க்கக்கூட இல்லை.

கொட்டாங்குச்சிகளும் வரவில்லை. ஒருநாள் அதிகாலையில் நானும் அத்தையும் வாசல் தெளித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா கையில் கொட்டாங்குச்சியோடு வெளியே வந்தாள். எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினாள். பிறகு எங்கள் வீட்டைத் தாண்டி மேற்கே நடந்தாள். அத்தை கையை நீட்டிவிட்டிருந்தார். பழக்கத்தில் தானாகவே நீண்ட கை. அதை மெல்ல மடக்கி, ஈரம் எதுவும் இல்லாத விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

என் சுகத்துக்காக ஒரு மனுஷியின் கையை நான் வாங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால் இந்த வீட்டில் இனிப் படிப்பு என்ற பேச்சே இருக்காது. பிறந்த வீட்டுக்கே அனுப்பினாலும் அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் அவர் சாகிற வரைக்கும் இப்படித்தான் விரலைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அன்று மத்தியானம் ராட்டைக்கு எதிரில் உட்கார்ந்து சொன்னேன். “அத்தை, உங்க கை தப்பலைங்க. புளியங்கொட்டைன்னு புஸ்தகத்துல ஒண்ணுமே இல்லைங்க. நானாக் கட்டினதுங்க.”

அவருக்கு முதலில் புரியவில்லை. “அப்ப பக்குவம்?”

“உங்க பக்குவத்துல ஒரு குத்தமும் இல்லைங்க.”

வெகுநேரம் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அப்ப அத்தனை நாளா அதுல என்னத்தைப் படிச்ச?” என்றார்.

“கதைங்க.”

“என்ன கதை?”

“ஒரு பொம்பளையோட கதைங்க.”

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அத்தை என்னை உற்றுப் பார்த்தார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, மனத்தாங்கல். “ஏம்புள்ள, கதைய நீ வெச்சுக்கிட்டு, புளியங்கொட்டைய எனக்குக் குடுத்தியா?”

எழுந்து நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த அக்காவிடமும் கிணற்றடியில் நின்றவர்களிடமும் என் வாயாலேயே சொன்னேன். சிரித்தார்கள், திட்டினார்கள், வாழப்பாடிக்காரியின் வாயைப் பற்றிப் பல நாள் பேசினார்கள். இரண்டாம் நாள் விடிகாலையில் வாசலில் ஒரு கொட்டாங்குச்சி வந்து நின்றது. அத்தை விரலில் எடுத்து இழுத்துப் பார்த்து, “இன்னும் ஒரு கொதி” என்றார். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மாமனார் பாவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெற்றிலைப் பையை மட்டும் ஒரு மாதம் ஆணியில் மாட்டியே வைத்திருந்தார். அது எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

பாவுக்காகத் திட்டாத அத்தை வேறொன்றுக்குத் திட்டினார். “அந்தக் கதையக் கொண்டா, படி” என்று அவர் கேட்க, எரித்துவிட்டேன் என்று நான் சொன்னபோது வந்ததே கோபம்! “நூலுதான் போச்சு. அதையுமா தீயில போட்டுட்டு வந்து நிக்கற?” என்றார். இரண்டு நாள் என் முகத்தில் முழிக்கவில்லை. மூன்றாம் நாள் ராட்டையில் உட்கார்ந்து, பக்கத்துத் தரையைக் கையால் தட்டினார்.

“படிச்ச வரைக்கும் சொல்லு.”

சொன்னேன். ஒரு வாரம், தினம் மத்தியானம். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தபோது தாண்டிப் போன இடங்களையெல்லாம் அத்தை நிறுத்திக் கேட்டார். அவள் ரயில் ஏறும்போது கையில் என்ன எடுத்துக்கொண்டாள்? அந்த ஊரில் சோற்றுக்கு என்ன செய்தாள்? இட்டலிக் கடையில் மாவாட்டினாள் என்றேன். “ம்” என்றார், மாவாட்டுவது தனக்கும் தெரியும் என்பதுபோல. கடைசியாக, அவள் புருஷன் எப்படியோ இடம் கண்டுபிடித்து வந்து, மழையில் அந்தக் கடை வாசலில் நிற்கிற இடத்துக்கு வந்தேன். வீட்டுக்கு வா என்று கூப்பிடுகிறான். அவள் மாவுக்கையோடு நிற்கிறாள்.

“அப்பறம்?”

“அதுக்கப்பறம் நான் படிக்கலைங்க அத்தை.”

ராட்டை நின்றது. எனக்கு ஒரு முடிவைக் கட்டத் தெரியாமல் இல்லை. ஆனால் அத்தையிடம் இனி எதையும் கட்டிச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவரும் என்னைக் கேட்கவில்லை. அறுந்த இழையை விரலில் வைத்து உருட்டிக்கொண்டே யோசித்தார். பதின்மூன்று வயதில் இந்த வீட்டுக்கு வந்தவர். சேலத்தைக்கூடப் பார்த்ததில்லை.

“அவ போயிருக்க மாட்டா” என்றார். கொஞ்சம் பொறுத்து, தறிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நானா இருந்தாப் போயிருக்க மாட்டேஞ்சாமி.”

உள்ளே தறி நின்றது. தார் தீர்ந்துவிட்டது என்று மாமனார் குரல் கொடுத்தார்.

“இதா வாரேனுங்க” என்று அத்தை தார்க் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.