இரண்டு நூல், ஒரு காய்

வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்த பிறகுதான் மொட்டைமாடியில் பச்சை வலை கட்டி ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்கினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மகளுக்கு நான்கு வயது. நான் தாவரவியலில் முதுகலை படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு உதவியது இதற்கு மட்டும்தான்.

என்னிடம் ஒரு வெள்ளை ஆர்க்கிட் இருந்தது. எங்கள் ஊர் சித்திரை வெயிலைத் தாங்கும். ஆனால் இடுப்பளவு வளர்ந்து சாய்ந்துவிடும். பூவை வெட்டி விற்பவர்களுக்கு அது போதும். தொட்டியோடு மேசைமேல் வைக்க வேண்டுமென்றால் ஒன்றரைச் சாணுக்குள் பூக்க வேண்டும். அப்படிக் குட்டையான செடிகள் இரண்டை மலைப்பக்கத்து நர்சரி ஒன்றிலிருந்து வாங்கிவந்தேன். ஒன்று ஊதாப் பூ, மற்றது இளஞ்சிவப்பு. வெயில் பட்டால் இரண்டுமே துவண்டுபோகும். வெள்ளையின் தாங்கும் குணமும் இவற்றின் உயரமும் ஒரே செடியில் சேர வேண்டும். சேர்ந்தால், புதிய ஆர்க்கிட் கலப்பினங்களுக்கென்று வெளிநாட்டில் இருக்கும் பதிவேட்டில் அதற்கு நான் ஒரு பெயர் வைக்கலாம். மகளின் பெயரை வைப்பது என்று செடி வருவதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன்.

பல்குத்தும் குச்சியின் முனையால் ஊதாவின் மகரந்தத்தை எடுத்து வெள்ளைக் கொத்தின் ஒரு பூவில் வைத்தேன். அடுத்த பூவில் இளஞ்சிவப்பின் மகரந்தம். எது எதுவென்று அடையாளம் வேண்டுமே. பேனா மை வெயிலில் வெளுத்துவிடும், காகிதச் சீட்டு தண்ணீரில் ஊறிக் கிழிந்துவிடும். அதனால் தையல் டப்பாவிலிருந்து நூல் எடுத்து ஊதாவுக்குச் சிவப்பும் இளஞ்சிவப்புக்கு மஞ்சளுமாகக் காம்புகளில் கட்டினேன். நோட்டில் நிறங்களை எழுதிவைத்தேன். எந்தப் பூ மேலே, எது கீழே என்று எழுதவில்லை.

அன்று மகளுக்குக் காய்ச்சல் வந்து மூன்றாவது நாள். தோளில்தான் கிடந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த என் மாமியார், நான் முடிச்சுப் போடும் நேரத்துக்கு அவளை வாங்கிக்கொண்டார். கட்டி முடித்ததும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றேன்.

பன்னிரண்டாம் நாள்தான் காய்ச்சல் விட்டது. அதற்குள் இரண்டு பூவும் வாடி, காம்பு பருத்துக் காயாகத் தொடங்கியிருந்தது. மறுநாள் டாக்டரிடம் போய்வந்து மாடிக்கு ஏறினால் நூல்களைக் காணோம்.

"அத்தை, செடியில நூல் கட்டியிருந்தேனே, பாத்தீங்களா?"

"நான்தாம்மா அவுத்தேன். கொழந்தைக்கு நல்லாயிடுச்சு இல்ல? வேண்டினது பலிச்சதும் கட்டுனத அவுத்துடணும். அலைச்சல்ல நீ மறந்திருப்பேன்னு நானே அவுத்துக் கோயில் மரத்தாண்ட போட்டுட்டு வந்தேன்."

"ரெண்டையுமா?"

"பின்ன ஒண்ண மட்டும் வெச்சுக்கினு இன்னா பண்றது? வெயிலு ஜாஸ்தி. பாரு, கால்ல கொப்புளம்."

அவர் நீட்டிய காலில் மருந்து தடவினேன். அடையாளத்துக்குக் கட்டியது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கண்ணை மூடி நின்றபோது நான் காயைப் பற்றி நினைக்கவில்லை. காய்ச்சல் இறங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அது வேண்டுதல் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

"அம்மாகிட்ட சொல்லிடேன்," என்றார் கணவர்.

"சொல்லி?"

"இன்னொரு தடவை அவுக்க மாட்டாங்க."

அடுத்த மாதம் ஒரு காய் மஞ்சளாகி உதிர்ந்தது. மிஞ்சியது ஒன்று. அதன் தந்தை ஊதாவா இளஞ்சிவப்பா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் நான்காவது மாதம் அறுத்து, தூசி போன்ற விதைகளை பாட்டில்களில் விதைத்தேன். விதைப்பதற்கான கூழைக் கிருமி போக வேகவைத்தது எங்கள் பிரஷர் குக்கரில்தான். விசில் வரும்போதெல்லாம், பருப்பு வெந்துடுச்சா என்று அத்தை கீழேயிருந்து கேட்பார்.

பாட்டிலில் ஒரு வருஷம், கரித்துண்டு போட்ட தொட்டியில் மூன்று வருஷம். மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன ஆண்டு செடிகள் பூத்தன. பெரும்பாலானவை தாயைப் போலவே உயரம். ஒன்று மட்டும் ஒன்றரைச் சாணில் நின்று பூத்தது. வெள்ளை இதழ், உள்ளே செம்மை கலந்த ஊதா. சித்திரை முழுக்க வாடவில்லை.

செடியைப் பற்றிக் கேள்விப்பட்டு ஓசூரிலிருந்து ஒரு நர்சரிக்காரர் வந்தார். பதிவேட்டுக்கான படிவத்தையும் கொண்டுவந்திருந்தார்.

"அம்மா வெள்ளைன்னு போட்டாச்சு. அப்பா எதுங்க?"

"ரெண்டுல ஒண்ணுங்க. எதுன்னு தெரியல."

"ஊதான்னு எழுதிடுங்கம்மா. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

காபி கொண்டுவந்த அத்தை நின்று கேட்டார். "இன்னாம்மா இது, அப்பன் யாருன்னு தெரியாத செடியையா இத்தினி வருசம் வளத்த?"

நர்சரிக்காரர் சிரித்துவிட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். "காபி ஆறுதுங்க," என்றேன்.

பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு செடியைப் பார்த்தேன். பூவின் உட்புறத்தைப் பார்த்தால் ஊதாதான் தந்தை என்று தோன்றியது. கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பிலும் இப்படி வரலாம் என்று தோன்றியது. தவறாக எழுதினால், நாளை யாராவது அதே இரண்டையும் கலந்து பார்த்து ஏமாறுவார்கள், மகளின் பெயரில். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெயரில்லாமலே பெருக்கி விற்க அவர் ஒரு கன்றை எடுத்துப் போனார்.

அந்த வாரமே வெள்ளையில் மறுபடியும் மகரந்தம் வைத்தேன். ஒரே ஒரு பூ, ஊதா மட்டும். இதே போன்ற செடி அதிலும் கிடைத்தால் ஊதாதான் தந்தை என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். தெரிய இன்னும் நான்கு வருஷம். அப்போது மகள் ஏழாம் வகுப்பில் இருப்பாள். தன் பெயரை ஒரு செடிக்கு வைக்க அவளுக்குப் பிடிக்குமா என்று நான் இன்னும் கேட்கவில்லை.